டர்போ காரில் செய்த மாற்றம் பலன் தந்ததா? காருக்குள் எடுத்த வீடியோவைக் கொண்டு கண்டறியும் முறை

டர்போ எஞ்சின், அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ பொருத்திய எஞ்சின், உள்ள காரை வாங்கியவர்களில் பலருக்கு ஓராண்டுக்குள் ஓர் ஆசை வந்துவிடுகிறது. இன்னும் கொஞ்சம் இழுவை கிடைத்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவை ரீமேப் செய்யலாமா (அதாவது அதன் மென்பொருளை மாற்றலாமா), ஏர் ஃபில்டரை மாற்றலாமா, டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பெரிதாகப் போடலாமா என்று விசாரிக்கத் தொடங்குவார்கள். பணம் கொடுத்து வேலையை முடித்த நாளில் கார் முன்னைவிட வேகமாக ஓடுவது போலவே தோன்றும். ஆனால் அந்தத் தோற்றத்தை மட்டும் நம்பி அடுத்த செலவுக்குப் போவது சரியல்ல, ஏனென்றால் சத்தம் கூடினாலே வேகம் கூடியதாக உணரும் இயல்பு நம் எல்லோருக்கும் உண்டு. எஞ்சினின் திறனை அளக்கும் டைனோ இயந்திரம் எல்லா ஊரிலும் கிடையாது. இருக்கும் ஊரிலும் ஒவ்வொரு முறை ஏற்றி அளக்கத் தனிச் செலவாகும். நம் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியைக் காருக்குள் ஒழுங்காகப் பொருத்தி, ஒழுங்காக ஓட்டி, எடுத்த வீடியோவை ஒழுங்காகப் படித்தால், நமக்கு வேண்டிய விடையில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும்.

இந்த முறையை நான் தவறாகச் செய்துதான் கற்றுக்கொண்டேன். ஏர் ஃபில்டரை மாற்றுவதற்கு முந்தைய வீடியோவை ஒரு மே மாத மாலையில், பக்கத்து இருக்கையில் நண்பரை உட்கார வைத்து எடுத்தேன். மாற்றிய பிறகு எடுத்ததோ டிசம்பர் மாதக் காலை, நான் மட்டும் தனியாக. மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்டும் நேரத்தில் அரை விநாடிக்கும் மேல் குறைந்திருப்பதைப் பார்த்து, அவ்வளவும் ஃபில்டரின் பலன் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். பின்னர் ஒரே காலையில் பழைய ஃபில்டரையும் புதிய ஃபில்டரையும் மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தபோது இரண்டுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி எந்த வேறுபாடும் இல்லை. நான் முன்பு அளந்தது குளிர்ந்த காற்றையும் நண்பரின் எடையையும்தான்.

எடுத்துக்காட்டுக்கு இக்கட்டுரை முழுவதும் ஃபோக்ஸ்வேகன் போலோவின் 1.0 டிஎஸ்ஐ எஞ்சினையே வைத்துக்கொள்கிறேன். 999 சிசி, மூன்று சிலிண்டர், 110 குதிரைத்திறன், 1750 முதல் 4000 ஆர்பிஎம் (எஞ்சின் ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்றுகள்) வரை 175 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழல்விசை) என்பது நிறுவனம் தரும் கணக்கு. போலோ 2022இல் இந்தியாவில் நிறுத்தப்பட்டுவிட்டாலும், இதே குடும்பத்து 1.0 லிட்டர் எஞ்சின்தான் டைகுன், விர்ட்டஸ், குஷாக், ஸ்லாவியா ஆகியவற்றிலும் இருக்கிறது. வேறு டர்போ கார் வைத்திருப்பவர்களும் எண்களை மட்டும் மாற்றிக்கொண்டு இதே வழியைப் பின்பற்றலாம்.

முதல் படி: எதை அறிய வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

கேமராவைத் தொடுவதற்கு முன்பே இந்த முடிவை எடுத்தாக வேண்டும். "கார் வேகமாகிவிட்டதா" என்று பொதுவாகக் கேட்டால் எந்த வீடியோவும் தெளிவான பதில் தராது. ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் பூஸ்ட், அதாவது டர்போ கூட்டும் காற்றழுத்தம், எவ்வளவு விரைவாக எழுகிறது என்பது ஒரு கேள்வி. பூஸ்ட் முழுமையாக வந்தபின் நடு ஆர்பிஎம்மில் கார் எவ்வளவு வலுவாக இழுக்கிறது என்பது இன்னொன்று. நான்கைந்து முறை தொடர்ந்து விரட்டியபின், சூடேறிய நிலையிலும் அந்த இழுவை நிற்கிறதா என்பது மூன்றாவது. ரீமேப் பெரும்பாலும் இரண்டாம் கேள்விக்கும், இன்டர்கூலர் மூன்றாம் கேள்விக்கும் விடை சொல்லும் மாற்றங்கள். பெரிய டர்போ போட்டால் முதல் கேள்விக்கான விடை கெட்டு இரண்டாவதன் விடை சிறக்கலாம். பூஜ்ஜியத்திலிருந்து 100 கி.மீ. வரையிலான ஒற்றை எண் இவை மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிடுவதோடு, கிளட்ச்சை விடும் திறமை, டயர் சுழல்வது, கியர் மாற்றும் கையின் வேகம் ஆகியவற்றையும் சேர்த்து அளந்துவிடுகிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் அந்த எண்ணை விட்டுவிடுவதே நல்லது.

இரண்டாம் படி: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

பொதுச் சாலை இதற்கான இடமே இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு, பொது இடத்தில் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவதைக் குற்றமாக்குகிறது. சட்டத்தை விடவும் பெரிய காரணம், ஓட்டுபவரின் கண்கள் சாலையில் இருக்க வேண்டிய ஆறு விநாடிகளில் அவர் கவனம் ஆர்பிஎம் முள்ளின் மீது போய்விடும் என்பதே. கோவைப் பக்கம் இருப்பவர்களுக்குச் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் இருக்கிறது. தனியார் கார்களை அனுமதிக்கும் நாட்களில் பெயர் கொடுத்துவிட்டுப் போகலாம். மணிக்கு 60இலிருந்து 100 கி.மீ. வரை ஆறு விநாடியில் ஏறும் காருக்கு ஏறத்தாழ 135 மீட்டர் நேர்பாதையும், அதற்குமேல் பிரேக் பிடிக்கப் போதிய தூரமும் குறைந்தபட்சம் வேண்டும்.

சட்டம் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் நிறுவனத்தின் மூல அமைப்பிலிருந்து மாறும்படி காரை மாற்றுவதை அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அகற்றிவிட்டு வெறும் குழாயைப் போடுவது புகை விதிகளுக்கும் புறம்பானது. வாரண்டி போகும் வாய்ப்பும் உண்டு. எந்த மாற்றத்தை அளக்கப் போகிறீர்களோ, அதைச் செய்வதற்கு முன்பே இவற்றை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: கேமராவைப் பொருத்துங்கள்

கைப்பேசியை யாரும் கையில் பிடிக்கக் கூடாது. இரு முன் இருக்கைகளுக்கு நடுவே, ஸ்டீயரிங் வளையத்தின் இடைவெளி வழியாக ஆர்பிஎம் காட்டும் டாக்கோமீட்டரும் ஸ்பீடோமீட்டரும் முழுமையாகத் தெரியும்படி, அசையாத பிடிப்பானில் மாட்டுங்கள். இரண்டாவது கைப்பேசி இருந்தால் கண்ணாடி வழியாகப் பாதை தெரியும்படி அதை வைக்கலாம். கார் எந்த இடத்தில் ஓட்டத்தைத் தொடங்கியது என்பதற்கு அது சாட்சியாக இருக்கும்.

கேமராவின் அமைப்புகளில் விநாடிக்கு 60 பிரேம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். விநாடிக்கு 30 பிரேம் என்றால் இரண்டு பிரேம்களுக்கு இடையே 33 மில்லிவிநாடி கழிந்துவிடுகிறது. 60 என்றால் அது 17 மில்லிவிநாடியாகக் குறைகிறது. வெளிச்ச அளவையும் ஃபோகஸையும் மீட்டர்களின் மீது பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கார் மரநிழலிலிருந்து வெயிலுக்கு வரும் நொடியில் மீட்டர் முழுவதும் இருண்டுபோய், வேண்டிய தருணம் காணாமல் போய்விடும். படம் ஆடாமல் திருத்தும் வசதியை அணைத்துவிடுவதே சரி. அது படத்தின் ஓரங்களை வெட்டி மீட்டரை இடம் மாற்றிக் காட்டும். பெரும்பாலான கைப்பேசிகள் பிரேம் வேகத்தைச் சீராக வைக்காமல், வெளிச்சத்துக்கு ஏற்பக் கூட்டியும் குறைத்தும் பதிவு செய்கின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆகவே பிரேம்களை எண்ணி 60ஆல் வகுத்துவிடக் கூடாது. எடிட்டிங் மென்பொருள் ஒவ்வொரு பிரேமுக்கும் காட்டும் நேரக் குறியையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

காரின் கணினித் தகவல்களைப் படிக்க உதவும் ஓபிடி துளையில் செருகும் சிறிய புளூடூத் கருவி கிடைத்தால் அதன் திரையும் வீடியோவுக்குள் தெரியட்டும். மலிவான கருவிகள் ஒரு விநாடியில் சில அளவுகளை மட்டுமே வாசிக்க முடிகிறது. பத்து அளவுகளைக் கேட்டால் ஒவ்வொன்றும் வரத் தாமதமாகும். இன்டேக் மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்) அழுத்தம், உள்ளே வரும் காற்றின் வெப்பநிலை ஆகிய இரண்டை மட்டும் கேளுங்கள். அந்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்த மொத்த அழுத்தம் என்பதை நினைவில் வையுங்கள். சென்னையில் அது 200 கிலோபாஸ்கல் என்று காட்டினால், ஏறத்தாழ 101ஐக் கழித்தபின் மிஞ்சும் 99, அதாவது ஒரு பார் அளவுதான் பூஸ்ட். அதே 200ஐ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் எட்ட வேண்டுமானால், அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 77 கிலோபாஸ்கல் மட்டுமே என்பதால், டர்போ இன்னும் கடுமையாக உழைக்க வேண்டும். மலையில் எடுத்த வீடியோவையும் சமவெளியில் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில் பொருள் இல்லை.

நான்காம் படி: ஒரே மாதிரி ஓட்டுங்கள்

டயர் காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, ஏசியையும் பாட்டையும் நிறுத்தி, கண்ணாடிகளை முழுவதுமாக ஏற்றிவிடுங்கள். எஞ்சின் ஆயில் நன்றாகச் சூடேறும் வரை பத்துப் பதினைந்து நிமிடம் சாதாரணமாக ஓட்டுங்கள். காருக்குள் இருக்கும் ஆட்களும் பொருட்களும் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓட்டுபவரோடு 1,200 கிலோ உள்ள காரில் 75 கிலோ எடையுள்ள ஒருவர் கூடுதலாக ஏறினால், எடை ஆறு விழுக்காட்டுக்கு மேல் கூடிவிடுகிறது. ஆறு விநாடி ஓட்டத்தில் அதுவே மூன்றில் ஒரு விநாடி அளவுக்குக் கெடுக்கும். பெட்ரோல் 20 லிட்டர் கூடினால் அது 15 கிலோ. பெட்ரோலும் ஒரே பம்பில் பிடித்த ஒரே வகையாக இருக்கட்டும், ஏனென்றால் ஆக்டேன் அளவு (நாக்கிங்கைத் தாங்கும் திறன்) குறைந்தால், நாக்கிங்கை, அதாவது எரிபொருள் நேரம் தவறி வெடிப்பதை, தவிர்ப்பதற்காக ஈசியூ இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி விடும் நேரத்தை) பின்னுக்குத் தள்ளிவிடும்.

மூன்றாவது கியரில், 1800 ஆர்பிஎம்மில், ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டபடி இரண்டு மூன்று விநாடி சீராகச் செல்லுங்கள். பிறகு மிதியை ஒரே மூச்சில் தரைவரை அழுத்தி, 5500 ஆர்பிஎம் வரும் வரை அப்படியே வைத்திருந்து விட்டுவிடுங்கள். இரண்டாவது கியர் வேகம் குறைவு என்பதால் பாதுகாப்பானதாகத் தோன்றும். ஆனால் முன்சக்கர இழுவைக் கார்களில் அந்தக் கியரில் டயர் நழுவி, அந்த நழுவலைத் தடுக்கும் டிராக்ஷன் கண்ட்ரோல் குறுக்கிட்டுவிடுவதுண்டு. ஆட்டோமேட்டிக் கார் என்றால் கியரை மேனுவல் முறையில் வையுங்கள். அப்படியிருந்தும் சில கார்களில் மிதியின் அடியில் உள்ள கிக்டவுன் சுவிட்சை அழுத்தினால் கியர் தானாகக் கீழே இறங்கிவிடும். அந்தச் சுவிட்சைத் தொடாமல் அதற்குச் சற்று மேலே மிதியை நிறுத்தப் பழகுங்கள்.

ஒவ்வொரு திசையிலும் ஐந்து முறை இப்படி ஓட்ட வேண்டும். பாதை கண்ணுக்குச் சமதளமாகத் தெரிந்தாலும், நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம் இருந்தாலே அந்தக் காரைச் சராசரி 80 கி.மீ. வேகத்தில் மேலேற்றுவதற்கு மட்டும் 2.6 கிலோவாட், அதாவது மூன்றரைக் குதிரைத்திறன் செலவாகிறது. ஏற்றத்தில் எடுத்ததை இறக்கத்தில் எடுத்ததோடு ஒப்பிட்டால், எந்த மாற்றமும் செய்யாத காரிலேயே ஏழு குதிரைத்திறன் வேறுபாடு தெரியும். எதிர்க்காற்றும் அப்படித்தான்: மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் 10 கி.மீ. வேக எதிர்க்காற்றைச் சந்தித்தால் காற்றின் தடை 21 விழுக்காடு கூடுகிறது. பந்தயத் தளம் ஒரே திசையில் மட்டும் ஓட அனுமதித்தால், அதே நேர்பாதையின் அதே அடையாளக் கம்பத்தருகே எல்லா ஓட்டங்களையும் தொடங்குங்கள். சரிவு எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிடும்.

ஓட்டங்களுக்கு இடையே, உள்ளே வரும் காற்றின் வெப்பநிலை முதல் ஓட்டத்தின் தொடக்கத்தில் இருந்த அளவுக்கு இறங்கும் வரை மெதுவாகச் சுற்றி வாருங்கள். வெளிக்காற்று 20 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு ஏறினால் அதன் அடர்த்தி ஏறத்தாழ ஐந்து விழுக்காடு குறைந்துவிடும். டர்போ அந்த இழப்பில் ஒரு பகுதியை ஈடு செய்யும். ஆனால் சூடான காற்றுக்காக ஈசியூ டைமிங்கைப் பின்தள்ளுவதை அது தடுக்காது. முந்தைய, பிந்தைய பதிவுகளை ஒரே நாளில் எடுக்க முடியாத பெரிய வேலை என்றால், குறைந்தபட்சம் ஒரே பருவத்தில், விடிந்த ஒரு மணி நேரத்துக்குள், காற்று அடங்கியிருக்கும்போது எடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் எத்தனையாவது ஓட்டம், எந்தத் திசை, என்ன வெப்பநிலை என்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பிறகு இருபது வீடியோக்களைத் திறந்து வைத்துக்கொண்டு எது எது என்று குழம்ப வேண்டியிருக்காது.

ஐந்தாம் படி: வீடியோவைப் படியுங்கள், சத்தத்தையும் சேர்த்து

புதியவர்கள் எல்லோரும் ஸ்பீடோமீட்டரைத்தான் முதலில் பார்ப்பார்கள். அது உண்மை வேகத்தைவிடக் கூட்டியே காட்டும்; குறைத்துக் காட்டவே கூடாது என்பது விதி. எவ்வளவு கூட்டும் என்பது காருக்குக் கார் வேறுபடும் என்பதால், இரண்டு வெவ்வேறு கார்களின் ஸ்பீடோமீட்டர்களை ஒப்பிடுவது தவறு. ஒரே காரிலும் டயர் அளவு மாறினால் கணக்கு மாறிவிடும்: 185/60 ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 603 மி.மீ., 195/55 ஆர்16 டயரின் விட்டம் 621 மி.மீ.; மூன்று விழுக்காடு வேறுபாடு. ரீமேப்போடு சேர்த்துப் பெரிய சக்கரமும் போட்டவர், எதன் விளைவு எது என்று பிரிக்கவே முடியாது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்பதை நான் விடாப்பிடியாகச் சொல்வது இதனால்தான்.

டாக்கோமீட்டர் ஸ்பீடோமீட்டரைவிட மேல். ஒரே கியரில், கிளட்ச் நழுவாத வரை, ஆர்பிஎம்மும் சாலை வேகமும் ஒன்றாகவே ஏறும் என்பதால், முள் 2500ஐத் தாண்டும் பிரேமிலிருந்து 5500ஐத் தாண்டும் பிரேம் வரையிலான நேரமே நமக்கு வேண்டிய எண். ஆனாலும் முள் சற்றுப் பின்தங்கியே நகரும். டிஜிட்டல் திரையோ விட்டுவிட்டுப் புதுப்பிக்கப்படும்.

இரண்டையும்விடத் துல்லியமான ஒரு கருவி வீடியோவுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அது எஞ்சினின் சத்தம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கிறது. மூன்று சிலிண்டர் எஞ்சின் 4000 ஆர்பிஎம்மில் ஓடினால் விநாடிக்கு 100 வெடிப்புகள். ஆகவே சத்தத்தின் அடிப்படை அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ். அந்த எண்ணை 40ஆல் பெருக்கினால் ஆர்பிஎம் வந்துவிடும். நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு 30ஆல் பெருக்க வேண்டும். படம் விநாடிக்கு 60 முறைதான் பதிவாகிறது; சத்தமோ பெரும்பாலான கைப்பேசி வீடியோக்களில் விநாடிக்கு 48,000 முறை பதிவாகிறது. எந்த முள்ளின் பின்தங்கலும் இதில் கிடையாது.

இதைப் படிக்க ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். வீடியோவிலிருந்து ஒலியை மட்டும் பிரித்து அதில் திறந்து, ஒலியின் அதிர்வெண்களை நேரப்போக்கில் கோடுகளாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றி, மேல் எல்லையை 1000 ஹெர்ட்ஸாகவும் விண்டோ அளவை 8192ஆகவும் வையுங்கள். மிதியை அழுத்திய இடத்திலிருந்து பல கோடுகள் சாய்வாக மேலேறுவதைப் பார்ப்பீர்கள். கைப்பேசியின் மைக் தாழ்ந்த அதிர்வெண்களைச் சரியாகப் பிடிக்காது என்பதால் அடிக்கோட்டை நம்பாமல், அதன் மூன்று மடங்கில் ஓடும் கோட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் துல்லியமும் மூன்று மடங்கு. நம் மூன்று சிலிண்டர் எஞ்சினில் அந்தக் கோடு 2500 ஆர்பிஎம்மில் 187.5 ஹெர்ட்ஸிலும், 5500 ஆர்பிஎம்மில் 412.5 ஹெர்ட்ஸிலும் இருக்கும். இந்த இரண்டு உயரங்களைக் கோடு கடக்கும் நேரங்களைக் குறித்துக் கழித்தால் ஓட்ட நேரம் கிடைக்கும். எந்தக் கோடு எது என்று ஐயம் வந்தால், மூன்றாம் கியரில் 3000 ஆர்பிஎம்மில் சீராக ஓட்டிய சில விநாடிகளைப் பதிவு செய்து பாருங்கள். 75, 150, 225 ஹெர்ட்ஸ் என்று கோடுகள் படிக்கட்டுப் போல நிற்கும்.

கோட்டின் சாய்வு இன்னொன்றையும் சொல்லும். அது செங்குத்தாக ஏறும் இடத்தில் டார்க் அதிகம். படுத்துக்கொள்ளும் இடத்தில் குறைவு. ரீமேப்புக்கு முந்தைய கோட்டையும் பிந்தைய கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், பலன் எந்த ஆர்பிஎம்மில் வந்தது, எந்த ஆர்பிஎம்மில் வரவே இல்லை என்பது கண்முன் தெரியும். இதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல. டைனோ வரைபடத்தின் நிழலே கைப்பேசிக்குள் கிடைத்துவிட்டது.

ஓர் எச்சரிக்கை. டார்க்கைக் கூட்டியபின் கிளட்ச் நழுவத் தொடங்கினால், எஞ்சின் மட்டும் விறுவிறுவென்று சுற்றும். கார் அதற்கேற்ப வேகமெடுக்காது. சத்தத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் கார் பெரிதாக முன்னேறிவிட்டதாகத் தவறாக முடிவு செய்வீர்கள். ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஆர்பிஎம்மை வேகத்தால் வகுத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லை என்றால் கிளட்ச் போகிறது என்று பொருள். சோதனையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

இரண்டு வீடியோக்களைத் திரையில் அருகருகே ஓடவிட விரும்பினால், எந்தப் புள்ளியில் இரண்டையும் பொருத்துகிறீர்கள் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். மிதியை அழுத்திய நொடியில் பொருத்தினால் டர்போ விழித்துக்கொள்ள எடுக்கும் நேரமும் சேர்ந்து தெரியும். 2500 ஆர்பிஎம்மைக் கடக்கும் நொடியில் பொருத்தினால் அந்தத் தாமதம் மறைந்து, இழுவை மட்டும் தெரியும். முதல் படியில் எந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுத்தீர்களோ அதற்கு ஏற்றதைச் செய்யுங்கள். இரண்டையும் செய்து வைத்தால் இன்னும் நல்லது.

ஆறாம் படி: எண்களை எடைபோடுங்கள்

ஒரு திசையில், மாற்றத்துக்கு முந்தைய ஐந்து ஓட்டங்களும் 6.0, 6.1, 6.1, 6.2, 6.3 விநாடிகள் என்று வைத்துக்கொள்வோம். எதையும் மாற்றாமலேயே 0.3 விநாடி ஆடுகிறது. மாற்றத்துக்குப் பின் 5.9 முதல் 6.2 வரை வந்தால், பலன் உண்டென்று சொல்ல உங்களிடம் ஆதாரம் இல்லை. புதிய ஓட்டங்களில் மிக மெதுவானதே பழைய ஓட்டங்களில் மிக வேகமானதை முந்தினால் மட்டும் உறுதியாகப் பேசலாம். சிறந்த ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டும் ஆசைக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

விநாடிகளைக் குதிரைத்திறனாக்கிப் பார்ப்பதும் எளிது. 1,200 கிலோ கார் 60இலிருந்து 100 கி.மீ. வேகத்துக்கு ஏறும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 296 கிலோஜூல் கூடுகிறது. அதை ஆறு விநாடியில் செய்தால் சராசரியாக 49 கிலோவாட். ஐந்து விநாடியில் செய்தால் 59 கிலோவாட். வேறுபாடு ஏறத்தாழ 10 கிலோவாட், அதாவது 13 குதிரைத்திறனுக்குச் சற்று மேல். காற்றுத் தடையும் டயர் உராய்வும் இந்தக் கணக்கில் இல்லாததால் 49, 59 என்ற எண்களை எஞ்சினின் முழுத் திறன் என்று கொள்ளக் கூடாது. அந்த இழப்புகள் இரண்டு ஓட்டங்களுக்கும் பொது என்பதால் வேறுபாட்டை மட்டும் நம்பலாம். இந்தக் கணக்குக்கு ஸ்பீடோமீட்டரின் 60ஐயும் 100ஐயும் எடுத்துக்கொள்ளாமல், விநாடிக்குப் பத்து முறை வாசிக்கும் ஜிபிஎஸ் கருவியின் வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு ஒருமுறை மட்டும் வாசிக்கும் சாதாரணக் கைப்பேசிச் செயலி இதற்குப் போதாது.

எந்த மாற்றம் எங்கே தெரியும்?

ஈசியூ ரீமேப் சரியாகச் செய்யப்பட்டிருந்தால் 2000 முதல் 4500 ஆர்பிஎம் வரை கோடு நன்றாக நிமிரும். மேனிஃபோல்ட் அழுத்தமும் கூடியிருக்கும். உச்சியில் பலன் குறைவாகவே இருக்கும், ஏனென்றால் சிறிய டர்போவால் அங்கே போதிய காற்றைத் தள்ள முடியாது. பழைய போலோ ஜிடி 1.2 டிஎஸ்ஐயில் உள்ள ஏழு கியர் டிஎஸ்ஜி (தானியங்கிக் கியர்பெட்டி) 250 நியூட்டன் மீட்டர் வரைக்கும் வடிவமைக்கப்பட்டது. அதற்கு மேல் டார்க்கை ஏற்றும் ரீமேப்பை வீடியோவில் பார்த்து மயங்குவதற்கு முன் இதை எண்ணிப் பாருங்கள்.

ஏர் ஃபில்டர் பெரும்பாலும் சத்தத்தை மட்டும் மாற்றும். டர்போ காற்றை இழுக்கும் ஒலி காருக்குள் தெளிவாகக் கேட்கும். கோட்டின் சாய்வு அப்படியே இருக்கும். மிதியை விடும்போது மிகைக் காற்றை வெளியேற்றும் புளோ ஆஃப் வால்வும் அவ்வாறே. ஆக்சிலரேட்டர் மிதிக்கும் ஈசியூவுக்கும் இடையே செருகும் பெடல் பாக்ஸ் கருவிகளோ பாதி மிதியை முக்கால் மிதியாகக் காட்டுபவை. நகர ஓட்டத்தில் கார் சுறுசுறுப்பாகத் தோன்றுவது உண்மை. ஆனால் மிதியைத் தரைவரை அழுத்திய ஓட்டத்தில் எந்த வேறுபாடும் இருக்க முடியாது. இக்கருவியை விற்பதற்காக எடுக்கும் வீடியோக்களில் மிதி எவ்வளவு அழுத்தப்பட்டது என்பது காட்டப்படுகிறதா என்று கவனியுங்கள்.

இன்டர்கூலரை முதல் ஓட்டத்தை வைத்து மதிப்பிடுவது அதற்குச் செய்யும் அநீதி. இதற்கு மட்டும் நான்காம் படியில் சொன்ன ஆறவிடும் விதியை மாற்றி, இடைவெளி இல்லாமல் ஐந்து முறை ஓட்டுங்கள். பழைய இன்டர்கூலரில் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலை ஓட்டத்துக்கு ஓட்டம் ஏறி, நேரமும் கூடிக்கொண்டே போகும்; நல்ல இன்டர்கூலரில் ஐந்தாவது ஓட்டம் முதலாவதை ஒட்டியே நிற்கும். பெரிய டர்போ போட்ட காரில் இதற்கு நேர்மாறாக, மிதியை அழுத்திய நொடியில் பொருத்திய வீடியோவில் தொடக்கத்தில் பின்தங்கி, 4000 ஆர்பிஎம்முக்கு மேல் பாய்ந்து முந்துவதைக் காணலாம். தினமும் நகருக்குள் ஓட்டுபவருக்கு அந்தப் பின்தங்கலே அன்றாட அனுபவமாகிவிடும்.

பிறர் எடுத்த வீடியோக்களைப் பார்க்கும்போது

இணையத்தில் கிடைக்கும் பிறருடைய வீடியோக்களிலிருந்தும் கற்றுக்கொள்ளலாம். அகலக் கோண லென்ஸில் எடுத்த படத்தில் சாலையோர மரங்கள் விரைந்து பாய்வது போலத் தோன்றும். அதற்கு மதிப்புத் தராமல் மீட்டரையும் சத்தத்தையும் மட்டும் பாருங்கள். எந்தக் கியர், எந்த ஆர்பிஎம்மில் தொடக்கம், தொடங்கும் முன் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து அழுத்திப் பூஸ்ட் ஏற்றி வைத்தார்களா, பக்கத்தில் ஆள் இருந்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இவற்றில் ஒன்று தெரியாவிட்டாலும் அந்த வீடியோவின் விநாடிக் கணக்கை உங்கள் கணக்கோடு சேர்க்காதீர்கள். ஒரே காரில் முன்னும் பின்னும் எடுத்ததாக இருந்தால், அதில் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீடியோவை வேகமாக ஓடவிட்டு ஏமாற்றியிருக்கிறார்களோ என்ற ஐயம் வந்தால், மேலே சொன்ன சத்தக் கணக்கே துணை நிற்கும். நான்கு சிலிண்டர் காரின் டாக்கோமீட்டர் 3000 என்று காட்டும் நொடியில் அடிப்படை அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டும், அதன் மடங்குகள் 200, 300 என்று நிற்க வேண்டும். அவை 110, 220, 330 என்று இருந்தால், அந்த வீடியோ பத்து விழுக்காடு வேகமாக்கப்பட்டிருக்கக்கூடும். மீட்டரே தவறாகக் காட்டுகிறதோ என்ற ஐயமும் எழலாம் என்பதால், ஒரே நொடியோடு நிற்காமல் 2000, 3000, 5000 என்று மூன்று இடங்களில் சரிபாருங்கள். மூன்றிலும் அதே பத்து விழுக்காடு வந்தால், அந்த வீடியோவின் விநாடிகளை 1.1ஆல் பெருக்கிப் பாருங்கள். பெரும்பாலும் உங்கள் கார் எடுத்த நேரத்துக்கு மிக அருகில் வந்து நிற்கும்.